நாலு இட்லி ஒன்றான கதை

2023 ஜூலையில் ஒரு மதியம், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வேலைக்குப் போனவன் அதை எடுக்க வீடு திரும்பினேன். பின்வாசலில், கொய்யா மரத்தடியில், ஒரு செவலை நாய் நான் செய்த கூட்டாஞ்சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. காலை நாலரை மணிக்கு எழுந்து, முருங்கைக்கீரை ஆய்ந்து, தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டுச் செய்த சோறு. அம்மா காலித் தட்டோடு படியில் உட்கார்ந்து நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தட்டை முந்தானைக்குள் மறைத்தாள், 74 வயதில், களவாடிய பிள்ளையைப் போல. "தொண்டையில் இறங்கவில்லை ய்யா. மிச்சம் வைத்தால் நீ சங்கடப்படுவாய் என்றுதான்" என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். பதில் இல்லை. நாயின் முதுகு மினுமினுப்பைப் பார்த்தால் ஒரு மாதத்துக்குக் குறையாது.

அந்த நேரத்தில் எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கோபம்தான் எங்களுக்கு ஒரு மாதத்தையும் ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாயையும் தின்றது. அம்மா சாப்பிடாததை என் சமையலுக்குக் கிடைத்த மதிப்பெண்ணாகவே நான் எடுத்துக்கொண்டேன். அது ஒரு நோயின் குரல் என்று புரிய வேறொருவர் வர வேண்டியிருந்தது.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. நான் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். என் திருமண வாழ்க்கை இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார், தங்கை பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா அந்தத் தெருவுக்கே கைமணக்காரி. கல்யாண வீட்டு மறுவீட்டு விருந்துக்குச் சொதி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். தேங்காய்ப்பால் திரியாமல், இஞ்சியும் பச்சைமிளகாயும் தூக்கலாக, அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து அவள் இறக்கும் சொதிக்காகவே பக்கத்து வீட்டு ஆச்சி தூக்குவாளியோடு வந்து நிற்பாள். முழங்கால் தேய்ந்து அவளால் அடுப்படியில் நிற்க முடியாமல் போனபோது கரண்டி என் கைக்கு வந்தது. அளவு கேட்டால் "கண் பார்த்துப் போடு" என்பாள். என் கண்ணுக்கு அந்தப் பார்வை வரவே இல்லை. அவள் ஒவ்வொரு நாளும் குறை சொல்வாள், ஆனால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவாள். காலையில் நாலு இட்லி, அதற்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும். அது அவளுடைய கணக்கு, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

அந்த ஏப்ரல் கடைசியில் இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று, வழக்கமாகப் போகும் கிளினிக்கில் மாத்திரையை மாற்றினார்கள். ஒரு மருந்து இருந்த இடத்தில் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரை. "உப்பைக் குறையுங்கள்" என்றார்கள். நான் சொன்னதற்கு மேல் செய்கிற ஆள். குறைக்கச் சொன்னதை நிறுத்திவிட்டேன். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், வடகம் எல்லாம் பரணுக்குப் போயின. ரசத்தில் பேருக்கு நாலு கல் உப்பு. கூடவே, ஒரு காணொளியில் யாரோ சொன்னார் என்று தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்தேன். செப்புக் குடத்தில் அளந்து ஊற்றி, மாலையில் காலியாகிவிட்டதா என்று பார்ப்பேன். பொறுப்பான மகன் என்று எனக்கே என்னைப் பற்றிப் பெருமை.

மே மாதம் நாலு இட்லி மூன்றாயிற்று. வெயில் என்று நினைத்தேன். ஜூனில் இரண்டு. "வாய் என்னவோ போல இருக்கிறது", "குமட்டுகிறது", "பிறகு சாப்பிடுகிறேன்". உப்பில்லாத சோறு யாருக்குத்தான் இறங்கும் என்று எனக்கே தெரிந்திருக்க வேண்டும், ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. பாயசத்தையும் அவள் ஒதுக்கினாள். டவுனுக்குப் போய் இருட்டுக்கடை வரிசையில் நின்று வாங்கி வந்த அல்வாவில் ஒரு விள்ளல் வாயில் போட்டு, "நெய் நன்றாகத்தான் இருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு மீதியை ஆச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். அல்வாவை மறுக்கும் திருநெல்வேலிக்காரியைக் கண்டதும் நான் விழித்திருக்க வேண்டும்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஒரு பதார்த்தத்தை ஒதுக்கினால் அது ருசியின் பிரச்சினையாக இருக்கலாம். ஆயுள் முழுவதும் பிடித்ததையே ஒதுக்கினால் அது அடுப்படியில் தீருகிற விஷயம் இல்லை. நான் அதை அடுப்படியிலேயே தீர்க்கப் பார்த்தேன். பிரண்டைத் துவையல், அங்காயப்பொடி, வேப்பம்பூ ரசம், இஞ்சிச் சாற்றில் தேன், ஓமத் தண்ணீர், சுக்குக் காப்பி என்று பசியைத் தூண்டும் என நம் பாட்டிமார் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். எதையும் குறை சொல்லவில்லை, மந்தம் என்றால் அவை கேட்கும். இது மந்தம் இல்லை. அடுத்து கடைச்சரக்கு. புரதப் பவுடர் டப்பாக்கள் ஐந்து, மொத்தம் ரூ. 4,100. இரண்டு டப்பா இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. பசி டானிக், வைட்டமின் என்று ரூ. 1,300. என் சமையல்தான் காரணமோ என்று ஓட்டலிலிருந்து வாங்கியது ஏறத்தாழ ரூ. 3,000. தங்கை பெங்களூரிலிருந்து தினமும் ஒரு யோசனை சொல்வாள். "அண்ணே, சோடியம் குறைவான உப்பு ஒன்று இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன்" என்று ஒரு பாக்கெட்டையும் அனுப்பினாள். நல்லவேளை, சோம்பலில் அதைப் பிரிக்கவில்லை. அந்த வகை உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் சில இரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாய் விவகாரத்துக்குப் பிறகு நான் ஒரு காவல்காரன் ஆகிவிட்டேன். மதியமும் வீட்டுக்கு வந்து, அவள் எதிரில் நின்று, ஒவ்வொரு கவளமாக எண்ணினேன். வயதானவர்களைச் சாப்பிட வைக்க இதைவிட மோசமான வழி கிடையாது. நான் நிற்க நிற்க அவளுக்குக் கை நடுங்கியது. ஒரு நாள் இரவு, ஊட்டிய தயிர்ச் சோற்றை அவள் அப்படியே கையில் துப்பியபோது, "உனக்குச் சமைத்துப் போட்டே என் காலம் போய்விடும் போல" என்று சொல்லிக் கரண்டியைச் சுவரில் எறிந்தேன். அந்தச் சுவரில் இன்னும் வடு இருக்கிறது. அவள் ஒன்றும் பேசாமல் சிந்தியிருந்த சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். வேலை பார்த்துக்கொண்டே தனியாக ஒருவரைப் பராமரிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு இரவு வரும். வந்தால் உடனே யாராவது ஒருவரிடம் சொல்லுங்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆச்சியாவது, "இது நாலு மாதத்துக்கு முன்னால் இல்லாத குணமாக இருக்கிறதே, புதிதாக என்ன மாத்திரை கொடுக்கிறாய்?" என்று கேட்டிருப்பாள். பின்னால் அவள் அப்படித்தான் கேட்டாள்.

மருத்துவர்களிடம் போகாமலும் இல்லை. ஒரு பரிசோதனை நிலையத்தில் 'முழு உடல் பரிசோதனை' என்று ரூ. 2,400 கட்டினேன். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று நாலு பக்கம் வந்தது, எல்லாம் ஏறக்குறைய சரி. முழு உடல் என்ற பெயரை நம்பினேன். அந்தத் தொகுப்பில் சோடியமும் பொட்டாசியமும் இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாகக் கேளுங்கள். பிறகு வயிற்றில் புண் இருக்கலாம் என்று குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஆலோசனைக் கட்டணத்தோடு ரூ. 5,500. வயிறு சுத்தமாக இருந்தது. "வயதாகிறது, கணவர் போன துக்கமும் இருக்கும்" என்றார்கள். அப்பா போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. இரண்டு இடத்திலும் நான் ஒரு தப்புச் செய்தேன். "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்ற கேள்விக்கு, "பிரஷர் மாத்திரைதான், பல வருடமாக" என்றேன். பல வருடமாக இல்லை. ஏப்ரலில் மாறியது. அந்த ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது என்று இன்றுவரை நினைக்கிறேன்.

ஆடி 18 அன்று தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, புளியோதரை மூன்றும் செய்தேன். அவள் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொண்டு, "உன் அப்பா வந்துவிட்டாரா, அவருக்கு எடுத்து வை" என்றாள். உறக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாள் மாலை நான் வந்தபோது, பாலில்லாத வெறும் பாத்திரம் அடுப்பில் சிவந்துகொண்டிருந்தது. அம்மா குளியலறை வாசலில் சாய்ந்து கிடந்தாள். என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன அவளுடைய தம்பியின் பெயரைச் சொன்னாள். தூக்கும்போதுதான் கையில் கனம் தெரியவில்லை என்பது உறைத்தது. வளையல் முழங்கைவரை ஏறியது. மருத்துவமனை எடைக் கருவியில் 46 கிலோ. மார்ச்சில் 52 இருந்தாள். ஐந்து மாதத்தில் ஆறு கிலோ, அதுவும் ஒரே வீட்டில் இருந்த என் கண்ணுக்கு முன்னால். தினமும் பார்க்கிறவர்களுக்கு மெலிவு தெரியாது. மாதம் ஒரு முறை, ஒரே கருவியில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுங்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு காரணமில்லாமல் குறைந்தாலே மருத்துவர்கள் அதை எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் குறைந்திருந்தது.

அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் கேட்ட முதல் விஷயமே மாத்திரை அட்டை. நல்லவேளை, பயத்தில் அம்மாவின் மருந்துப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அட்டையைத் திருப்பிப் பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒரு எழுத்து. ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீரைக் கூட்டும் மருந்து. சற்று நேரத்தில் முடிவு வந்தது, சோடியம் 114. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

"உப்பே போடாமல் நான்தான் இப்படிச் செய்துவிட்டேனா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அது என் மொழியில் இருந்தது. ரசம் நீர்த்துப்போவதற்கு இரண்டு வழி இருக்கிறது, உப்பைக் குறைத்தாலும் நீர்க்கும், தண்ணீரைக் கூட்டினாலும் நீர்க்கும். உங்கள் அம்மாவுக்கு இரண்டும் நடந்திருக்கிறது என்றார். மாத்திரை சோடியத்தைச் சிறுநீரில் தள்ளுகிறது, கூடுதல் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்றவும் விடுவதில்லை. அதன் மேல் மூன்று லிட்டர் ஊற்றினேன். சாப்பாடும் குறைந்ததால் உள்ளே போகிற உப்பும் புரதமும் குறைந்தன. சோடியம் குறைந்தால் குமட்டும், பசிக்காது. பசிக்காவிட்டால் இன்னும் குறையும். செக்கு மாடு மாதிரி அம்மா அதில் சுற்றியிருக்கிறாள், நான் வெளியே நின்று பிரண்டைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வயதான, மெலிந்த பெண்களுக்கு இந்த மருந்தால் இப்படி ஆகும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாம். மருந்து கெட்டது இல்லை, எத்தனையோ பேருக்கு அது பக்கவாதத்தைத் தடுக்கிறது, ஆனால் ஆரம்பித்த சில வாரங்களில் ஒரு முறை இரத்தத்தில் சோடியம் பார்க்க வேண்டும் என்றார். அந்தப் பரிசோதனையின் விலையைப் பிறகு விசாரித்தேன். ரூ. 350.

மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, மூன்று நாள் சாதாரண அறை. முதல் நாள் நான் மருத்துவரிடம் சண்டைக்குப் போனேன். உப்புதானே குறைவு, சலைனில் வேகமாக ஏற்றிவிட வேண்டியதுதானே என்று. மூளை குறைந்த சோடியத்துக்குப் பழகியிருக்கும், சட்டென்று ஏற்றினால் மூளையில் மாறாத சேதம் வரலாம், ஒரு நாளைக்கு எட்டு, பத்து புள்ளிக்கு மேல் ஏற்ற மாட்டோம் என்று பொறுமையாக விளக்கினார்கள். 114, 120, 126, 130 என்று படிப்படியாக ஏறியது. இதைச் சொல்லக் காரணம், இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் உப்புக் கரைசல் கலக்கிக் கொடுத்துவிடக் கூடாது. மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது, அழுத்தம் எகிறி வேறு வினையாகும். சாப்பாடு குறைந்து, குமட்டலும் தடுமாற்றமும் சேர்ந்தால் அன்றைக்கே ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள், எது எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் சோடியத்தைக் குறைக்கும் என்றார்கள். "துக்கமாக இருக்கும்" என்று யாராவது அம்மாவுக்கு அதையும் எழுதிக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

மருத்துவமனைச் செலவு ரூ. 83,000. காப்பீடு கிடையாது. முன்னால் வீணாக்கிய ரூ. 16,300-ஐயும் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கு எழுநூறு ரூபாய் குறைவு. முழங்கைவரை ஏறிய அந்த வளையல்களைத்தான் அடகு வைத்தேன். மீட்கப் பதினான்கு மாதம் ஆனது. நடந்தே போகிற தூரத்தில் ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை இருந்தும் அந்தப் பதற்றத்தில் ஞாபகமே வரவில்லை. அவசரத்துக்கு எங்கே போவது என்பதை அவசரம் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.

நாலாம் நாள் காலை, மருத்துவமனை கேன்டீனில் வாங்கிய இட்லியை அவள் முன்னால் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் எண்ணத் தயாராக நின்றேன். ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். என் வயிறு கலங்கியது. "இது சாம்பாரா, பாத்திரம் கழுவிய தண்ணீரா? ஒரு பொட்டலம் மிளகாய்ப்பொடி கொண்டுவரத் தெரியவில்லையா உனக்கு?" என்றாள். நான் நடைவழிக்கு வந்து அழுதேன். குறை சொல்லவும் பசி வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அம்மா குறை சொல்வதை நிறுத்தியது ஜூன் மாதத்தில். அதை நான் என் சமையல் தேறிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மாத்திரை மாறியது. தண்ணீருக்கு அம்மாவின் நிலைக்கு ஏற்றபடி மருத்துவரே ஒரு அளவு சொன்னார். உப்பு, ஒரு நாளைக்கு எல்லாவற்றிலும் சேர்த்து ஐந்து கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான். காலையிலேயே அந்த ஒரு தேக்கரண்டியைக் கிண்ணத்தில் எடுத்துவைத்து, அதிலிருந்தே அம்மாவின் பங்குக்குப் போடுகிறேன். குழம்பு கொதிக்கும்போது பாதி, பரிமாறும்போது மேலே கொஞ்சம் என்று போட்டால் நாக்குக்குக் குறைவு தெரிவதில்லை. இது நானே கண்டுபிடித்தது. எலுமிச்சை, மல்லித்தழை, பொரித்த சீரகம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மூன்று வேளையை ஐந்தாகப் பிரித்தேன். அவளுக்குப் பசி உள்ள நேரம் காலை எட்டு மணி என்பதால் கனமான சாப்பாடு அப்போதுதான், மத்தியானச் சோறு என்ற சம்பிரதாயத்தை விட்டுவிட்டோம். பல்செட் தளர்ந்துபோயிருந்ததையும் அந்த மாதம்தான் கவனித்தேன். இரண்டு மாதம் அவள் மெல்லாமல் விழுங்கியிருக்கிறாள், கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இப்போது எதிரில் நிற்பதில்லை. நானும் தட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். நாட்காட்டியில் தினமும் ஒரு எண் எழுதுகிறேன், எத்தனை இட்லி என்று. ஒரு வாரம் தொடர்ந்து குறைந்தால் மருத்துவருக்குப் போன் செய்வேன், துவையல் அரைக்க மாட்டேன்.

சென்ற தையில் முதல் முறையாகத் தனியாகச் சொதி வைத்தேன். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, காய்களைத் தண்ணிப்பாலில் வேகவிட்டு, கடைசியில் தலைப்பாலை ஊற்றும் நேரத்தில் வாசலில் தபால்காரர் கூப்பிட, ஒரு நிமிடம் தள்ளிப்போனது. பால் கொதித்துத் திரிந்துவிட்டது. அம்மா கரண்டியால் கலக்கிப் பார்த்தாள். "மறுவீட்டுக்கு இதை வைத்திருந்தால் மாப்பிள்ளை அன்றைக்கே ஊருக்குப் போயிருப்பான்" என்றாள். இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டாள். செவலை நாய் பின்வாசலில் வழக்கமான நேரத்தில் வந்து நின்றது. அதற்கு இப்போது மிச்சம் விழுவதில்லை, விலா எலும்பு தெரிகிறது. "நாம்தானே பழக்கினோம், பாவம், அதற்கும் சேர்த்துப் பொங்கு" என்றாள் அம்மா. அன்று முதல் கால் படி அரிசி கூடப் போடுகிறேன். அதன் பங்கை மட்டும் உப்புப் போடுவதற்கு முன்பே எடுத்துவைத்துவிடுகிறேன்.